ரொக்கெட் படிக்க விரும்பும் மகளுக்கு எந்தப் பாடத்துறை?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து சந்தித்த அம்மாவுக்கு,

சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ பெற்ற மகள், உறவினர் எல்லோரும் சொல்லும் உயிரியல் பிரிவை விட்டுவிட்டு, விண்கலங்களைத் தள்ளும் புதுவகை இயந்திரங்களையே படிப்பேன் என்று நிற்பதாகக் கவலைப்பட்டீர்கள். வீட்டில் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்பதற்காகப் பதிலை எழுதித் தருகிறேன்.

மகள் சொல்வது வெறுங்கனவு அல்ல. நாசா 2007 இல் அனுப்பிய டோன் விண்கலம், செனன் வாயுவை அயனாக்கி, அதாவது மின்னேற்றமுள்ள துகள்களாக்கி, மின்புலத்தால் முடுக்கிப் பின்னோக்கி வீசும் இயந்திரத்தைக் கொண்டு முதலில் வெஸ்டா என்ற சிறுகோளையும் பிறகு சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றி ஆராய்ந்தது. அதன் உச்சத் தள்ளுவிசை ஏறத்தாழ 90 மில்லிநியூட்டன். இரண்டு ஏ4 தாள்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அந்தப் பாரந்தான். ஆனால் ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் இயந்திரத்தின் வாயு விநாடிக்கு 4.5 கிலோமீற்றர் அளவில் வெளியேற, இங்கே அயன்கள் 30 கிலோமீற்றர் அளவில் வெளியேறுவதால், அந்தச் சிறு தள்ளல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கலத்தின் வேகத்தை மொத்தம் விநாடிக்கு 11 கிலோமீற்றருக்கு மேல் மாற்றியது. மின்புலம், அயனாக்கம், உந்தம் ஆகிய மூன்றுமே உயர்தரப் பாடத்திட்டத்தில் இருப்பவைதாம்.

ஆகவே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் எடுக்கட்டும். இரசாயனவியலை இரண்டாம் பட்சமாக எண்ண வேண்டாம். 1960களில் அமெரிக்கா சோதித்த, அணு உலையின் வெப்பத்தால் ஐதரசனைச் சூடாக்கி வீசும் அணுவெப்ப இயந்திரங்களில் அந்த ஐதரசன் 2000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானபோது, அந்த வெப்பத்தில் அரிக்கப்படாத எரிபொருட் பொருளைக் கண்டுபிடிப்பதே பெருஞ்சிக்கலாக இருந்தது. பொறியியல் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் தெரிவாவதால், மட்டக்களப்பு மாணவி இசட் புள்ளியை (அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளியை) பார்த்து முன்கூட்டியே மனந்தளர வேண்டியதில்லை. மொறட்டுவை, பேராதனை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் எங்கே கிடைத்தாலும் இயந்திரப் பொறியியலும் மின் பொறியியலும் இத்துறைக்கு நல்ல அடித்தளம். அது தவறினால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம் பெற்று மேற்படிப்புக்குப் போகலாம். அயன் இயந்திரத்தின் உள்ளே நடப்பது பிளாஸ்மாப் பௌதிகவியல், அதாவது அயனாகிய வாயுவைப் பற்றிய பௌதிகவியல், என்பதால் அது சுற்றுவழியே அல்ல.

பெயரைப் பார்த்து மட்டும் எந்தக் கற்கைநெறிக்கும் பணம் கட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர், பெயரில் 'ஏரோஸ்பேஸ்' இருந்த தனியார் டிப்ளோமா ஒன்றில் சேர்ந்தார். உள்ளே இருந்தது விமானப் பராமரிப்பு. அதுவும் நல்ல தொழிலே, அவர் தேடியது அதுவல்ல. பாடவிதானத்தை வாங்கி வாசிக்காமல் தலையசைத்ததில் என் பிழையும் உண்டு.

இத்துறைக்கான வேலை இலங்கையில் இன்று இல்லை என்றே கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரொக்கெட் தொழில்நுட்பம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதால், வெளிநாட்டவரை அங்குள்ள நிறுவனங்கள் எளிதில் சேர்ப்பதில்லை. எல்லோரும் முதலில் அந்நாட்டையே நினைப்பதால் இதை இப்போதே சொல்கிறேன். 2003 இல் ஏவிய ஹயபுசா விண்கலத்தை அயன் இயந்திரங்களால் ஒரு சிறுகோள்வரை செலுத்தி, 2010 இல் மண்துகள்களுடன் திரும்பச் செய்த ஜப்பானைக் கவனியுங்கள். அந்நாட்டு அரசின் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாகப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். அது கைகூடாவிட்டாலும், இயந்திரப் பொறியியலாளருக்கு உள்நாட்டில் வேறு வேலைகள் உண்டு; உயிரியலை விட்டால் வீட்டில் இருக்க நேரும் என்ற தங்கள் அச்சத்துக்கு என் பதில் அதுதான்.

அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள். அவரது கணிதப் பயிற்சிக் கொப்பியைப் பார்க்க வேண்டும். விடை தவறிய கணக்குகளைத் திரும்பச் செய்திருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.