தங்கச்சியிட்ட யாராவது கேட்டீங்களா?

கேள்வி: தங்கச்சிக்கு 12 வயசு, போன கிழமை பெரிய பிள்ளையாகிட்டாள். அம்மா ஹோல் எடுத்து சாமத்தியவீடு பெருசா செய்யோணும் எண்டு நிக்கிறா, கனடா மாமா காசும் அனுப்பிட்டார். இது பெண்ணடிமைத்தனம், ஒண்டுமே வேண்டாம் எண்டு நான் சண்டை பிடிச்சதால அம்மா இப்ப என்னோட கதைக்கிறதில்ல. நான் என்ன செய்ய?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மகள், உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன், அம்மா சொன்னது இருக்கு, மாமா சொன்னது இருக்கு, நீங்க சொன்னதும் நிறைய இருக்கு, ஆனா அந்த 12 வயசுப் பிள்ளை என்ன சொன்னாள் எண்டு ஒரு வரி கூட இல்ல. எனக்கு அதுதான் மனசில குத்துது.

மாமா தேங்காய் உடைக்க மாமி தண்ணி வாக்கிறது, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் குடுக்கிறது, சொந்தக்காரப் பொம்பிளையள் சுத்தி இருந்து பயப்பிடாத பிள்ளை எண்டு சொல்றது, இதெல்லாம் உங்கட அம்மாவுக்கு அம்மம்மா செய்தது, அதை நீங்க அடிமைத்தனம் எண்டு ஒரே சொல்லில சொன்னா அவவுக்கு தன்ர தாயை ஏசின மாதிரித்தான் கேக்கும். ஆனா துடக்கு எண்டு தனிப் பாய், தனித் தட்டு குடுக்கிறதும் நாள்கணக்கா பள்ளிக்கூடத்தை மறிக்கிறதும் கட்டாயம் விடோணும், அதில நான் முழுக்க உங்கட பக்கம்தான். ஹோல், ட்ரோன் வீடியோ, வாசல்ல கட்அவுட், பேஸ்புக் ஆல்பம், இதெல்லாம் அம்மம்மா காலத்தில எங்க இருந்தது? பரம்பரை வழக்கம் எண்டு அம்மா இதுக்கும் சேர்த்துச் சொன்னா, அது சரியில்ல எண்டு மெதுவா எடுத்துச் சொல்லலாம்.

பழமை ஒரு ஆள், புதுமை இன்னொரு ஆள் எண்டு பிரிச்சு வைக்காதீங்க. அந்தக் காலத்துத் தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல பெண் பிள்ளையளுக்கெண்டே இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினவர், அதே மனுசன்தான் இலங்கையின்ட அரசியலமைப்பை மாத்துறதுக்கு பிரித்தானியா அனுப்பின டொனமூர் ஆணைக்குழு வந்த நேரம் பொம்பிளையளுக்கு வாக்கு வேண்டாம் எண்டு எதிர்த்தவர். 1931இல வாக்கு வந்தது, அவர் கட்டின கல்லூரியும் நிண்டுது, நல்லதை வச்சுக்கொண்டு மற்றதைத் தாண்டித்தானே எங்கட பொம்பிளையள் வந்தவை. உங்களைப் படிப்பிச்சு இப்பிடி எதிர்த்துக் கதைக்கிற அளவுக்கு வளர்த்ததும் இதே அம்மாதானே.

இண்டைக்கு ராவு தங்கச்சிக்குப் பக்கத்தில போய் இருங்க, அம்மாவும் வேண்டாம், உங்கட கருத்தும் வேண்டாம். ஆக்கள் வாறது உனக்கு விருப்பமா, படத்தை பேஸ்புக்கில போட்டா கூட்டாளிமாருக்கு முன்னால வெக்கமா இருக்குமா எண்டு கேளுங்க. அவள் சொன்னதை நீங்களே அம்மாட்டயும் மாமாட்டயும் சொல்லுங்க. ஹோல் வேண்டாம் எண்டாள் எண்டா மாமா அனுப்பின காசை அவளின்ட பேரில பாங்கில போடச் சொல்லிக் கேக்கலாம். இல்ல அக்கா, எனக்கு சாறி கட்டி மாலை போட்டுப் படம் எடுக்க ஆசையா இருக்கு எண்டு சொன்னாள் எண்டா, அப்ப நீங்களும் ஏத்துக்கொள்ளோணும் மகள். அந்த சாறியை நீங்களே கட்டி விடுங்க.