சிகாகோவின் கட்டடங்களைக் காட்டும் இலவச வழிகாட்டிக்கு ஏன் 60 டாலர்?

கேள்வி: வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சிகாகோவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க அக்டோபரில் மனைவியுடன் செல்கிறேன். அந்த ஊரின் புகழ்பெற்ற பழைய கட்டடங்களை உள்ளூர்க்காரர்களே இலவசமாக அழைத்துச் சென்று காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் இங்குள்ள டிராவல்ஸ்காரர், அதை ஏற்பாடு செய்ய ஆளுக்கு 60 டாலர் ஆகும் என்கிறார். எது உண்மை? மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகம் நடக்க முடியாது. (ஒரு வாசகர், கோவை)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதுதான் உண்மை. அந்த 60 டாலரைக் கொடுக்காதீர்கள்.

சிகாகோவின் சுற்றுலா அமைப்பு 'சிகாகோ கிரீட்டர்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. தங்கள் ஊரின் மீது பற்றுள்ள சாதாரணக் குடிமக்கள், ஓய்வு நேரத்தில் வெளியூர் விருந்தினரை இரண்டு முதல் நான்கு மணி நேரம் அழைத்துச் சென்று ஊரைக் காட்டுவார்கள். 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய இந்த வழக்கத்துக்குச் சில உறுதியான விதிகள் உண்டு. கட்டணம் கிடையாது, அன்பளிப்பாகவும் பணம் வாங்கமாட்டார்கள், ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்க்கமாட்டார்கள், நடந்தோ பொதுப் போக்குவரத்திலோ மட்டுமே செல்வார்கள். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். உங்கள் மகன் கால்மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய இந்த வேலைக்கு இடையில் ஓர் ஆள் எதற்கு?

ஆனால் இந்த இடையாட்கள் எங்கும் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு 'ஏற்பாட்டுக் கட்டணம்' வாங்குவோர் ஒரு வகை. 'இலவச நடைச் சுற்றுலா' என்று விளம்பரம் செய்து முப்பது பேரைக் கூட்டிச் சென்று, கடைசித் தெருமுனையில் தொப்பியை நீட்டுவோர் இன்னொரு வகை. அவர்கள் அன்பளிப்பை நம்பிப் பிழைப்பவர்களே தவிரத் தன்னார்வலர்கள் அல்லர். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை கமிஷனுக்கு விற்கும் தளங்களின் விளம்பரங்கள்தான். ஒரு நகரம் விருந்தினருக்குத் தரும் மிக நல்ல சேவை எதுவோ, அதைத்தான் பத்து விளம்பரங்களைத் தாண்டித் தேட வேண்டியிருக்கிறது. நம் ஊர் முகவர்களோ, அது இருப்பதையே வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. சொன்னால் அவர்களுக்குக் கிடைக்க ஒன்றுமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

'தன்னார்வலர் என்றால் பணம் கேட்கக்கூடாது' என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். இடிக்கப்படவிருந்த கிளெஸ்னர் மாளிகையைக் காப்பாற்ற 1966-இல் ஒன்று திரண்டவர்களிடமிருந்து உருவானது 'சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர்'. அங்கே 'டோசன்ட்' என்று அழைக்கப்படும் வழிகாட்டிகளும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே. ஆனால் அவர்கள் நடத்தும் நடைச் சுற்றுக்கும் ஆற்றுப் படகுச் சுற்றுக்கும் டிக்கெட் உண்டு. அந்தப் பணம் வழிகாட்டியின் பைக்குள் போவதில்லை, நிறுவனத்துக்குப் போகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கிரீட்டர் தன் ஊரைக் காட்டுகிற ஒரு குடிமகன். டோசன்ட் கட்டடக்கலையை முறையாகப் பயின்று, தேர்ச்சி பெற்ற பிறகே விளக்க வருபவர். முன்னவருக்குப் பணம் கொடுப்பது தவறு. பின்னவரின் சுற்றுக்கு டிக்கெட் வாங்குவது நியாயம். அந்த டிக்கெட்டையும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அதன் கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். இதே ஆற்றில் வேறு நிறுவனங்களும் கட்டடக்கலைப் படகு விடுவதால், எந்தப் படகுக்கு டிக்கெட் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

கிரீட்டர் படிவத்தில் 'சிகாகோவைப் பார்க்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், 'லூப் பகுதியின் பழைய வானளாவிகள்' என்று குறிப்பாகக் கேளுங்கள் (லூப் என்பது நகரத்தின் மையப் பகுதி). 1871-இன் பெருந்தீயில் நகரத்தின் நடுப்பகுதி அழிந்த பிறகு எழுந்தவை அவை, அதிலும் ஒன்றுக்கொன்று நடை தூரத்திலேயே நிற்பவை. டியர்பார்ன் தெருவில் உள்ள மொனாட்நாக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். அதன் வடபாதி 1891-இல் முடிந்தது. பதினாறு மாடிகளின் பாரத்தையும் செங்கற்சுவரே தாங்குவதால், அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறடி. அதை ஒட்டியே 1893-இல் கட்டிய தென்பாதியில் இரும்புச் சட்டகம் பாரத்தை ஏற்றுக்கொண்டதால் சுவர் மெலிந்து, சன்னல்கள் அகன்றுவிட்டன. தெருவின் எதிர்ப்புறம் நின்று இரண்டு பாதிகளின் சன்னல் குழிவுகளையும் மாறிமாறிப் பாருங்கள். செங்கல் யுகம் முடிந்து இரும்பு யுகம் தொடங்கியதை எந்தத் தொழில்நுட்பப் பாடமும் இல்லாமல் கண்ணே சொல்லிவிடும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில், லசால் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில் 1888-இன் ரூக்கரி கட்டடம் இருக்கிறது. அதன் கண்ணாடிக் கூரை வேய்ந்த முற்றத்தை 1905-இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் புதுப்பித்தார். முதல் வானளாவி என்று பலர் சொல்லும் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடமும் இதே சந்திப்பில்தான் இருந்தது. 1885-இல் எழுந்த அதை 1931-இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். லாபம் வரும் என்றால் எதையும் இடிக்கலாம் என்ற அந்தப் புத்தி இன்றும் எந்த நகரத்தையும் விட்டுப் போகவில்லை. சனி, ஞாயிறுகளில் அலுவலகக் கட்டடங்கள் பல பூட்டியிருக்கும் என்பதால், வேலை நாளின் முற்பகலையே கேளுங்கள்.

மூட்டுவலியைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். வந்து நின்ற பிறகு சொன்னால், பாவம், அவர் போட்டு வைத்த பாதையெல்லாம் வீணாகும். உட்கார்ந்து பார்க்க வசதியான இடங்களும் உண்டு. முன்னாள் பொது நூலகமான கல்ச்சுரல் சென்டருக்குள் செல்லக் கட்டணமில்லை. டிஃபனி நிறுவனம் செய்த, முப்பத்தெட்டடி விட்டமுள்ள கண்ணாடிக் குவிமாடத்தை அங்கே அண்ணாந்து பார்க்கலாம். சில தெருக்கள் தள்ளி, 1893-இல் விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை நடந்த கட்டடம் இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டாக இருக்கிறது. சேதுபதி மன்னரும் சென்னை அன்பர்களும் அவருடைய பயணத்துக்குத் துணை நின்றதை நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அந்த வாசலில் நின்று உங்கள் கிரீட்டருக்கும் சொல்லுங்கள்.

தமிழ் பேசும் கிரீட்டர் கிடைப்பார் என்று எண்ணாதீர்கள். ஆங்கிலத்திலேயே பதிவு செய்து, மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பயண நாளுக்குச் சில வாரங்கள் முன்பே படிவத்தை அனுப்பிவிடுங்கள். டிராவல்ஸ்காரரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், எந்த நிறுவனத்துக்குக் கட்ட வாங்கினார் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அதை நல்லதொரு படகுச் சுற்றுக்குச் செலவிடுங்கள், உங்கள் மனைவியும் நடக்காமல் உட்கார்ந்தபடியே ஒன்றரை மணி நேரம் ஆற்றின் இரு கரைக் கட்டடங்களையும் பார்த்துவிடலாம்.