கைக்கடிகாரம் தரும் மதிப்பெண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 42, வங்கி ஊழியன். அரை மாரத்தானுக்காக ஆறு மாதமாக ஓடிப் பழகுகிறேன். சென்ற மாதம் வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் தினமும் காலையில் உடல் களைப்பிலிருந்து எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்ல ‘மீட்சி’ என்று ஒரு மதிப்பெண் தருகிறது. போன ஞாயிறு உற்சாகமாகத்தான் எழுந்தேன். வாட்ச் சிவப்பில் 34 என்று காட்டியதால் ஓடப் போகவில்லை. அன்று முழுவதும் சோர்வாகவே இருந்தது. இப்போது நள்ளிரவில் விழித்தாலும் அதைத்தான் பார்க்கிறேன். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உற்சாகமாக எழுந்த உங்களை அந்த எண்தான் சோர்வாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒருமுறை சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கையில் இடைவெளி சற்றுக் குறையும், விடுகையில் கூடும். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை இது. உடல் ஓய்ந்திருக்கையில் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகமாக இருக்கும். கடும் பயிற்சி, காய்ச்சல், மது, மனக்கவலை எல்லாமே அதைச் சுருக்கும். வாட்ச் பச்சை ஒளியால் தோலடி இரத்த ஓட்டத்தைப் பார்த்து இதைக் கணித்துத்தான் மதிப்பெண் போடுகிறது. ஆகவே உங்களை அழுத்தியது, உதாரணத்துக்கு, சனிக்கிழமை ஓடிய 15 கிலோமீட்டரா, வங்கியின் தணிக்கையா என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை.

ஒரு கல்யாண வரவேற்பில் இரவு பத்தரைக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். வழக்கமாக 54 இருக்கும் என் ஓய்வுநிலைத் துடிப்பு அன்று 62. மதிப்பெண் அதலபாதாளத்தில் கிடந்தது. கால்களில் கனமே இல்லை, ஐந்து கிலோமீட்டர் சுகமாக ஓடினேன். வேறொரு சமயம் துடிப்பு நான்கு நாள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனதைப் பொருட்படுத்தாமல் வேக ஓட்டம் ஓடி, ஐந்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தேன். ஒரு நாள் எண்ணைவிட அதன் போக்கையே நான் மதிப்பது அதிலிருந்துதான்.

பின்லாந்தின் ஔலு நகரில் கிவினியெமியும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் நடந்தது. காலையில் அளந்த துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கம் அவரவருடைய முந்தைய நாட்களின் சராசரியிலிருந்து சரிந்தால் மெல்லிய பயிற்சி அல்லது ஓய்வு, இல்லையென்றால் கடும் பயிற்சி. நான்கு வாரத்தில் இப்படிப் பயிற்சி செய்த குழு, முன்கூட்டியே வகுத்த திட்டப்படி ஓடியவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியது. ஒப்பீடு தன்னோடுதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வாட்சுக்கு உங்களைத் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

எனக்குக் கவலை தருவது அந்த நள்ளிரவுப் பார்வை. தூக்கத்தின் அளவுகளைத் துரத்தியே தூக்கம் கெடுபவர்களின் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆர்த்தோசோம்னியா’ என்றே பெயர் வைத்தார்கள். இரவில் திரையை அணைத்துவிடுங்கள். காலையில் பல் துலக்கியதும், வாட்சைப் பார்க்கும் முன், கால் கனம், மனநிலை, பசி ஆகியவற்றை ஒரு வரியில் நோட்டில் எழுதுங்கள். நோட்டும் வாட்சும் மூன்று நாள் ஒரே குரலில் சோர்வு என்றால் பயிற்சியைக் குறையுங்கள். படபடப்போ நெஞ்சு வலியோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வரும் ஞாயிறும் 34 வந்து, கால்கள் லேசாக இருந்தால், வெளியே கிளம்புங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓடி, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச வருகிறதா என்று பார்த்து, மேலே ஓடுவதா திரும்புவதா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.