கண்டுபிடித்ததை யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் பரிந்துரைத்திருந்த, 1974-இல் வந்த ‘சைனாடவுன்’ என்ற ஹாலிவுட் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். மாத நாவல்களோடு வளர்ந்தவன் நான். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிவாளர் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவாரே, அந்த நிம்மதிக்காகவே துப்பறியும் கதைகளைப் படிப்பவன். இந்தப் படத்திலோ முதல் பாதி முழுக்கத் தண்ணீர், அணைக்கட்டு, வறட்சி என்று போகிறது. பிறகு எல்லா உண்மையும் வெளிவருகிறது. வந்தும் எதுவும் நடப்பதில்லை. ஈவ்லின் சுடப்பட்டுச் சாகிறாள். அவளைக் கெடுத்த தகப்பன், அவளுக்குப் பிறந்த பெண்ணையும் அணைத்துக்கொண்டு போய்விடுகிறான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. திறமையில்லாத ஒரு துப்பறிவாளனின் தோல்வியைக் காட்டி, ‘உலகம் இப்படித்தான், மறந்துவிடு’ என்று சொல்லும் படத்தை ஏன் கொண்டாட வேண்டும்? இயக்குநரின் குற்றத்தைப் பற்றிப் பிறகு படித்தபோது கசப்பு இன்னும் கூடியது. கடைசியாக ஒன்று: கேத்தரின் என்ற அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்? இதற்காவது பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர., மதுரை

அன்புள்ள ர.,

ஜேக் கிட்டிஸுக்குத் திறமை இல்லை என்கிறீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குடிநீர்த் துறையின் தலைமைப் பொறியாளரும் ஈவ்லினின் கணவருமான ஹாலிஸ் மல்ரே இரவில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று தெரிய வேண்டும். விடியவிடியக் காத்திருக்க முடியாது. மலிவான கைக்கடிகாரத்தைக் கார்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார் கிட்டிஸ். காலையில் வந்து, நசுங்கிய கடிகாரத்தில் முள் நின்ற இடத்தைப் பார்த்தால் போதும். இருட்டில் ஈவ்லினின் காரைத் தவறவிடாமல் தொடர, அதன் பின்விளக்குகளில் ஒன்றை உடைத்துவைக்கிறார். ஆவண அலுவலகத்தில் நிலப் பதிவேட்டின் தாளை அடிக்கோலை வைத்துக் கிழித்தெடுக்கிறார். கிழியும் சத்தம் கேட்காமலிருக்க உரக்க இருமுகிறார். தொழில் தெரிந்த ஆள் அவர். திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் இந்த நுணுக்கங்களை ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார்.

ஆனால் அது என்ன தொழில் என்று பாருங்கள். படம் தொடங்குவதே ஒரு மீனவரின் மனைவி வேறொருவனுடன் இருக்கும் புகைப்படங்களில்தான். கணவன் சந்தேகப்படுகிறான், கிட்டிஸ் மறைந்திருந்து படமெடுத்துக் கொடுக்கிறார், கட்டணம் வாங்குகிறார். பல ஆண்டுகளாக இதையே செய்து, தொலைவில் நின்று பார்ப்பதே அறிவது என்ற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. மல்ரே ஓர் இளம்பெண்ணுடன் படகில் போவதைப் பார்க்கிறார். கள்ளக்காதல் என்று முடிவுகட்டுகிறார், படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. பின்னர் ஒரு வீட்டின் ஜன்னல் வழியாக ஈவ்லின் அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுப்பதைப் பார்க்கிறார். அடைத்துவைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டுகிறார். மல்ரே வீட்டுக் குளத்தில் மூக்குக்கண்ணாடி கிடைக்கிறது. கணவனைக் கொன்றவள் ஈவ்லின்தான் என்று போலீஸை வரச்சொல்லிவிட்டு, அதன் பிறகு அவளிடம் போய்க் கன்னத்தில் அறைந்து உண்மையைக் கேட்கிறார். மூன்று முறையும் கண் பார்த்தது சரி, மனம் படித்தது தவறு. அவளிடம் முதலிலேயே பொறுமையாகக் கேட்டிருந்தால், கேட்டதை நம்பியிருந்தால், அந்தப் போலீஸ் வந்திருக்காது.

இதைப் பார்வையாளருக்கு உணர்த்தத்தான் படம் கிட்டிஸை விட்டு ஒரு கணமும் விலகுவதில்லை. அவர் இல்லாத காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆரஞ்சுத் தோப்பில் விவசாயிகள் அவரை அடித்து வீழ்த்தும்போது திரையும் இருண்டுவிடுகிறது. அவர் கண்விழிக்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். பழைய துப்பறியும் படங்களைப் போல நாயகனின் குரல் பின்னணியில் கதை சொல்வதும் இல்லை. அவர் தவறாக முடிவெடுக்கும்போது நாமும் கூடவே தவறாக முடிவெடுக்கிறோம். நீங்களும் ஈவ்லினைச் சந்தேகித்திருப்பீர்கள். நானும் சந்தேகித்தேன். தூக்கம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தண்ணீர்ப் பகுதி உங்களுக்குச் சலிப்பூட்டியது என்பதுதான் எனக்கு வருத்தம். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கதை 1937-இல் நடக்கிறது, ஆனால் டவுன் எடுத்துக்கொண்ட வரலாறு அதற்கு முந்தையது. 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்தையும் நீர் உரிமையையும் சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கியது. எதற்காக என்று தெரியாமலே விவசாயிகள் பலர் விற்றார்கள். பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்டின் தலைமையில் 233 மைல் நீளக் கால்வாய் கட்டப்பட்டு 1913 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்த செல்வந்தர் குழு ஒன்று, வறண்டு கிடந்த சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் மலிவாக நிலம் வாங்கிப் போட்டிருந்தது. அதில் நகரத்தின் பெரிய செய்தித்தாளை நடத்தியவர்களும் இருந்தார்கள். கால்வாய்க்குக் கடன் திரட்ட மக்கள் வாக்களிக்க வேண்டும் என்று எழுதிய தாளும் அதுவே. 1915-இல் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நகரத்தோடு இணைக்கப்பட்டது.

மறுபக்கம், 1920-களில் ஓவன்ஸ் ஏரி வற்றிப்போனது. 1924-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மக்கள் கால்வாய்க்கு வெடிவைத்தார்கள்; பிறகு அலபாமா மதகுகளைக் கைப்பற்றித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன், முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று பகலில்தான் அவர் அணையைப் பார்வையிட்டு, ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார். படத்தில் மல்ரே புதிய அணையைக் கட்ட மாட்டேன் என்று பொதுக்கூட்டத்தில் மறுக்கிறாரே, முன்பு கட்டிய அணை உடைந்து செத்தவர்களைச் சொல்கிறாரே, அதன் பின்னால் இருப்பது இந்த நிகழ்ச்சி. டவுன் இவற்றை அப்படியே படமாக்கவில்லை. காலத்தை மாற்றினார், ஆட்களைப் பிரித்தார். குற்ற உணர்வை மல்ரேயிடமும் பேராசையை ஈவ்லினின் தகப்பன் நோவா கிராஸிடமும் கொடுத்தார்.

இந்த வரலாற்றில் என்னை உலுக்குவது ஒன்றுதான். நடந்தவற்றில் பெரும்பகுதி சட்டப்படி நடந்தது. பத்திரப்பதிவு உண்டு, வாக்கெடுப்பு உண்டு. படத்திலும் அப்படித்தான். முதியோர் இல்லத்தில் போர்வைக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பதிவாகியிருக்கிறது. செத்துப்போன ஒருவர் செத்த பிறகு நிலம் வாங்கியிருக்கிறார். பினாமி என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. பதிவேட்டைத் திறந்தால் எவருக்கும் தெரியும் செய்தியைத்தான் கிட்டிஸ் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: இதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது?

நீங்கள் விரும்பும் கதைகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. துப்பறிவாளர் விரலை நீட்டிய மறுகணம், வாசலில் நிற்கும் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து விலங்கு மாட்டுவார். அந்த இன்ஸ்பெக்டர் நேர்மையானவர், அவருக்கு மேலே நேர்மையான ஒரு நீதிமன்றம் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த நிம்மதி நிற்கிறது. ஹாலிவுட்டின் தனியார் துப்பறிவாளர் படங்களுக்கு அடித்தளமிட்ட ‘மால்டீஸ் ஃபால்கன்’ 1941-இல் வந்தது. உலகத்தைக் கசப்போடு பார்க்கும் படம்தான் அது. ஆனாலும் முடிவில் நாயகன் தான் நேசித்த பெண்ணையே போலீஸிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்க ஓர் இடம் இருந்தது. அந்தப் படத்தை இயக்கிய ஜான் ஹஸ்டன்தான், 33 ஆண்டுகள் கழித்து ‘சைனாடவு’னில் நோவா கிராஸாக வந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் நிறையத் தாத்தாவின் கனிவு, கையில் நகரத்தின் கடிவாளம். இன்னும் எவ்வளவு பணம் வேண்டும் உனக்கு என்று கிட்டிஸ் கேட்கும்போது, எதிர்காலம் வேண்டும் என்கிறார். பணத்துக்காகத் திருடுபவனைப் பிடிக்கக் கற்ற கிட்டிஸுக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அங்கே அவர் செய்யும் தவறைக் கவனியுங்கள். கிராஸை வரவழைத்து, குளத்தில் கிடைத்த அவருடைய மூக்குக்கண்ணாடியை நீட்டி, மல்ரேயைக் கொன்ற குற்றத்தை எடுத்துச் சொல்கிறார். மாத நாவலின் கடைசி அத்தியாயம் அது. ஆனால் கூடத்தில் வேறு யாருமில்லை. கிராஸின் அடியாள் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்கிறான். ஈவ்லின் ஒளிந்திருக்கும் சைனாடவுனுக்குக் கிட்டிஸையே வழிகாட்டச் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எதிராளி உடைந்துபோவான் என்று நம்பினார் பாவம். கடைசியில் அவர் கத்திக்கத்தி உண்மையைச் சொல்கிறார். கேட்க வேண்டிய போலீஸ் அதிகாரி எஸ்கோபார் எதிரிலேயே நிற்கிறார். விலங்கு கிட்டிஸின் கையில்தான் இருக்கிறது.

சைனாடவுன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பகுதியில் வேலைபார்த்த ஒரு போலீஸ்காரர் டவுனிடம் சொன்னாராம்: அங்கே எங்களால் முடிந்தவரை குறைவாகவே செய்வோம், நாம் செய்வது குற்றத்தைத் தடுக்கிறதா, குற்றத்துக்குத் துணைபோகிறதா என்று தெரியாதே. படத்தில் கிட்டிஸும் ஒருகாலத்தில் அங்கே போலீஸாக இருந்தவர். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய், அவளுக்குத் தீங்கு நேரக் காரணமானவர். சீன மக்களின் குடியிருப்பை வெள்ளையர்களின் குழப்பத்துக்குக் குறியீடாக்கியதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அந்த மக்களில் வேலையாட்களைத் தவிர எவரும் படத்தில் முகம் பெறவில்லை.

இப்போது உங்கள் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மறந்துவிடு என்று சொல்வது படம் அன்று. கிட்டிஸின் உதவியாளன் சொல்கிறான், நண்பனை அந்தத் தெருவிலிருந்து இழுத்துக்கொண்டு போவதற்காகச் சொல்கிறான். படம் அதற்கு உடன்பட்டிருந்தால், ஸ்டியரிங்கில் ஈவ்லினின் தலை சாய்ந்து கார் ஹாரன் அலறிக்கொண்டே இருப்பதை அவ்வளவு நேரம் நம் காதில் அறைய வேண்டியதில்லை. கேத்தரினின் வீறிடலைக் கேட்கவிட வேண்டியதில்லை. டவுன் முதலில் எழுதியிருந்தது வேறு முடிவு: ஈவ்லின் தகப்பனைக் கொல்வாள், மகள் தப்புவாள். இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி இதற்கு ஒப்பவில்லை. இருவருக்கும் கடும் சண்டை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் இப்போதைய முடிவு எழுதப்பட்டது. டவுனின் முடிவு அமைந்திருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், எனக்கு இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்க மாட்டீர்கள். ஒரு கிழவன் செத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பீர்கள். ஆனால் அந்த அணை கட்டப்படும், அந்தப் பாட்டிமார்களின் பெயரிலிருந்த நிலம் கைமாறும். ஓவன்ஸ் ஏரி இருந்த இடத்திலிருந்து எழுந்த தூசியை அடக்க லாஸ் ஏஞ்சலஸ் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. முல்ஹாலண்ட் இறந்தது 1935-இல். மனிதர்கள் போன பின்னும் முடியாத காரியம் அது. கோபத்தோடு எழுந்து உட்கார்ந்தீர்களே, அதைத்தான் படம் உங்களிடம் கேட்கிறது என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். பழைய படங்களில் குற்றம் இருட்டில், மழையில், படிக்கட்டு நிழலில் நடக்கும். இங்கே ஜான் அலோன்சோவின் ஒளிப்பதிவில் எங்கும் வெயில். காய்ந்த ஆற்றுமணல், பழுப்புப் புல், வெள்ளைச் சுவர்கள். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் பத்தே நாட்களில் அமைத்த இசையில் அந்தத் தனி டிரம்பெட்டையும் கேளுங்கள். படம் 11 ஆஸ்கர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றைத்தான் பெற்றது. அது டவுனின் திரைக்கதைக்கு.

போலன்ஸ்கியைப் பற்றி: இந்தப் படம் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், 13 வயதுச் சிறுமியுடனான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், தண்டனை அறிவிக்கப்படுமுன் 1978-இல் அமெரிக்காவை விட்டு ஓடினார். சிறுமியாக இருந்தபோது சிதைக்கப்பட்ட ஒருத்தியின் வலியை இவ்வளவு துல்லியமாகத் திரையில் வைத்தவர் அதைச் செய்தார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. படம் நல்லது என்பது அவருக்கு எந்த வகையிலும் விடுதலை தராது. இதனால் இப்படத்தைப் பார்க்க மாட்டேன் என்பவரிடம் நான் வாதாட மாட்டேன். நான் பார்க்கிறேன், ஈவ்லினாக நடித்த ஃபே டனவேயின் முகத்துக்காகவும் டவுனின் எழுத்துக்காகவும். போலன்ஸ்கியும் திரையில் வருகிறார், கிட்டிஸின் மூக்கைக் கத்தியால் கிழிப்பவர் அவர்தான்.

கேத்தரின் என்ன ஆனாள் என்ற கேள்வி டவுனையும் விடவில்லை. ‘தி டூ ஜேக்ஸ்’ என்ற தொடர்ச்சியை அவரே எழுதினார்; கிட்டிஸாக நடித்த ஜாக் நிக்கல்சனே நடித்து இயக்கி 1990-இல் வெளிவந்தது. கதை 1948-இல் நடக்கிறது, தண்ணீரின் இடத்தில் இப்போது எண்ணெய். முதல் படத்தின் இறுக்கம் அதில் இல்லை, பல இடங்களில் கதை குழம்பித் தடுமாறுகிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கிட்டிஸ் ஒரு பழைய ஒலிப்பதிவில் அவள் பெயரைக் கேட்கும் இடத்துக்காகவாவது பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்