காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் கார்

வாசகர் கேள்வி – மோட்டார் பகுதி

கேள்வி: 2016 மாடல், 4 சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி குலுங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்காவிட்டால் நின்றுவிடுகிறது. மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். பிளக் மாற்றியாயிற்று, திராட்டில் பாடியும் கழுவியாயிற்று. பட்டறைக்குப் போனால் ‘ஒன்றுமில்லையே’ என்கிறார்கள். – ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் பட்டறை போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. பிறகு மெக்கானிக் எதைப் பார்ப்பார்? முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். குறைந்தது 8 மணி நேரம் யாரும் சாவி போடாமல் நிற்கட்டும். அல்லது ஸ்கேனருடன் (காரின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் கருவி) அவரை விடியற்காலையில் உங்கள் தெருவுக்கு வரச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் இனி ஒரு பாகத்தைக்கூட மாற்றாதீர்கள்.

மார்கழியில்கூட நம்மூரில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்தான். ஆனால் 90 டிகிரியில் ஓடவேண்டிய இன்ஜினுக்கு 25 டிகிரியும் குளிர்தான். காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயின் சுவர் ஆறிக் கிடப்பதால் தெளித்த பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக் இழுத்தது இதற்காகத்தான். இப்போது அந்த வேலையை இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) செய்கிறது. எவ்வளவு கூட்டுவது என்பதைக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது.

ஆகவே முதல் சோதனை இதுதான். ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. காற்று 26 காட்டும்போது கூலன்ட் 60 காட்டினால், இன்ஜின் ஏற்கெனவே சூடு என்று நம்பி இ.சி.யு. பெட்ரோலைக் குறைத்துவிடும். நீங்கள் சொல்லும் குலுங்கல் அப்படியே வரும். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரி வெந்நீரில் 200 முதல் 400 ஓம் காட்டும்.

அது சரியாக இருந்தால் ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் கோளாறைக் குறிக்கும் எண்ணை, அதாவது கோடைப் (code) பாருங்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றி மாட்டி, மறுநாள் காலை வரை காத்திருங்கள். கோடு பி 0303 ஆனால் காயில்தான் போயிருக்கிறது. கோடு அசையாமல் அங்கேயே இருந்தால், அன்று காலையே நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள். மூன்று பிஸ்கட் நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் கறுத்து ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் இரவில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கழுவிவிட்டாற்போல வெளுத்திருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று, இன்டேக் ரப்பர் குழாய்களில் விரிசல். குளிரில் இறுகித் திறந்திருக்கும், சூட்டில் இளகி அடைத்துக்கொள்ளும். கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவதாக இருந்தால் ஆறிய இன்ஜினில் மட்டும், துளித்துளியாக. சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே நல்லது. திராட்டில் பாடி கழுவிய பிறகு ஐடில் ரீலேர்ன் (நிற்கும்போது ஓடும் வேகத்தை இ.சி.யு.வுக்கு மறுபடி பழக்குவது) செய்தார்களா என்றும் கேளுங்கள். பல பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கடலுக்கு மிக அருகில் வண்டி நிற்கிறது. பேட்டரி வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, பிடித்தாலும் சில விநாடி தடுமாறுகிறது. – ஒரு வாசகி, காசிமேடு

பதில்: பேட்டரியை விடுங்கள் அம்மா, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். உப்புக் காற்றில் முதலில் சாவது அதுதான். மேலே உறை பளபளப்பாக இருக்கும். உறையைச் சற்று ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

முதலில் காலையில் பேட்டரி வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத் தலையிலும் வையுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்பில் உள்ள கோளாறு தெரியாது. ஒருவர் 5 விநாடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதே நேரத்தில் பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் சோதிக்க வேண்டும்.

பச்சை பூத்த ஒயரைச் சுரண்டிப் பயனில்லை, புதிது போடுங்கள். பாடியில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். டெர்மினலில் வெள்ளைத் தூள் இருந்தால், மைனஸை முதலில் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்துத் தேயுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அது இறங்கக் கூடாது.

கேள்வி: சி.என்.ஜி. கார். ஸ்டார்ட் ஆனதும் குலுங்குகிறது, கேஸுக்கு மாறியதும் சரியாகிறது. – ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: பெரும்பாலான சி.என்.ஜி. கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறுகின்றன. உங்கள் டேங்கில் மாதக்கணக்கில் கிடப்பது பழைய பெட்ரோலாக இருக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஓடாத பெட்ரோல் இன்ஜெக்டரும் பிசின் கட்டிக்கொள்ளும். கால் டேங்குக்குக் குறையாமல் புதுப் பெட்ரோல் வைத்து, வாரம் ஒருமுறை 10 கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். டேங்கைக் காயவிட்டால் பம்ப்பும் சூடேறிப் போய்விடும், அதைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். ஒரு மாதத்தில் தேறாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக் மெஷினில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு எடுப்பது நல்லதா? – ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். அரை நிமிடம் போதும். எடுத்த பிறகு முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள், நின்று சூடாவதைவிடச் சீக்கிரம் சூடாகும். ஷட்டர் இறக்கிய கார் நிறுத்தத்துக்குள் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். சைலன்சரில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.