ஷுட், மஸ்ட், மே: இவற்றின் பின்னால் வினை எந்த வடிவத்தில் வரும்?

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவராக, சேர்ந்திருக்கிறீர்கள். பையருக்கு (ஆடை வாங்கும் நிறுவனத்துக்கு) ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது ‘ஷுட் கிவ்’, ‘ஷுட் பி கிவிங்’, ‘ஷுட் ஹேவ் கிவன்’ மூன்றில் எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தச் சேர்க்கை தமிழ் வினைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, தலைகீழாக. ‘துணி சாயத்துக்குத் தரப்பட்டிருக்கலாம்’ என்பதில் வினையை மட்டும் உடையுங்கள்: தர, பட்டு, இருக்க, லாம். இப்போது கடைசித் துண்டிலிருந்து முன்னால் வாருங்கள். லாம் என்பது ‘மே’, இருக்க என்பது ‘ஹேவ்’, பட்டு என்பது ‘பீன்’, தர என்பது ‘கிவன்’. ‘த ஃபேப்ரிக் மே ஹேவ் பீன் கிவன் ஃபார் டையிங்.’ இந்த வரிசை எந்த வாக்கியத்திலும் மாறாது. வேண்டாத துண்டை விட்டுவிடலாம், இடம் மாற்ற முடியாது. ‘தந்துகொண்டிருக்கலாம்’ என்றால் மட்டும் கவனம்: அங்கே ‘கொண்டிரு’ ஒரே துண்டு, அது ‘பி’. எனவே ‘மே பி கிவிங்’.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த சொல்லை மட்டுமே கட்டுப்படுத்தும். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய 9 சொற்களுக்கு அடுத்து வருவது வெறும் வினை: ‘டு’ இல்லை, ‘எஸ்’ இல்லை, இறந்தகாலம் இல்லை. அதனால்தான் ‘ஹி’ வந்தாலும் ‘ஷுட் ஹேஸ்’ ஆகாது, ‘ஷுட் ஹேவ்’தான். ‘ஹேவ்’ அடுத்ததை மூன்றாம் வடிவத்துக்குத் (கிவ், கேவ், கிவன் வரிசையில் கடைசி) தள்ளும்: ‘ஹேவ் கிவன்’. ‘ஹேவ் கேவ்’ என்பது தவறு. ‘பி’ அடுத்து வேலை நடந்துகொண்டிருந்தால் ‘கிவிங்’, செயப்பாட்டு வினையானால் ‘கிவன்’.

மெயில்களில் அதிகம் தொலைவது இந்த ‘பி’தான். ‘த சாம்பிள் வில் கிவன் டுமாரோ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தரப்படும்’ தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால் ‘படு’வுக்குத் தனிச் சொல் வேண்டும் என்பது கண்ணில் படுவதில்லை. ‘வில் பி கிவன்’ என்று எழுதுங்கள்.

அடுத்த தவறு ‘கேன் ஏபிள் டு’. கேன், ஏபிள் இரண்டுமே ‘முடியும்’, ஒன்று போதும். அந்த 9 சொற்களில் எந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்காது. ‘அடுத்த வாரம் தர முடியும்’ என்பதற்கு ‘வில் கேன்’ கிடையாது, ‘வில் பி ஏபிள் டு கிவ்’. ‘தர வேண்டியிருக்கும்’ என்பதற்கு ‘வில் ஹேவ் டு கிவ்’.

உண்மையான சிக்கல் பொருளில் இருக்கிறது. இதில்தான் நேரம் செலவிட வேண்டும். நம் பக்கத்தில் ‘லேப் டிப் குடுத்திருக்கோணுமுங்க’ என்று சொன்னால் அதற்கு மூன்று பொருள் (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் பெறச் சாயமேற்றிய சிறு துணி மாதிரி). குரலையும் சந்தர்ப்பத்தையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் பிரித்து எழுதியாக வேண்டும். கொடுக்கவேண்டியது, ஆனால் கொடுக்கவில்லை என்றால் ‘ஷுட் ஹேவ் கிவன்’. நிச்சயம் கொடுத்திருப்பார்கள் என்று ஊகித்தால் ‘மஸ்ட் ஹேவ் கிவன்’. இந்நேரத்துக்குக் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் மறுபடியும் ‘ஷுட் ஹேவ் கிவன்’, கூடவே ‘பை நவ்’. டையிங் யூனிட் தாமதம் செய்ததைக் குறிக்க ‘தே மஸ்ட் ஹேவ் கிவன்’ என்று எழுதினால், லேப் டிப் வந்துவிட்டது என்று பையர் நினைத்துக்கொள்வார். நேற்று கட்டாயமாகச் செய்யவேண்டியிருந்தது, செய்தோம் என்றால் ‘மஸ்ட் ஹேவ்’ உதவாது. ‘வி ஹேட் டு கிவ்’.

‘லாம்’ இரண்டாகப் பிரியும். ‘மெயில் வந்திருக்கலாம்’ என்பது ஊகம்: மே, மைட், குட் மூன்றில் எதையும் ‘ஹேவ்’ உடன் சேர்க்கலாம். ‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்பது மனக்குறை: ‘யூ குட் ஹேவ் டோல்டு அஸ் எர்லியர்’. அங்கே ‘மே ஹேவ்’ போட்டால், ஒருவேளை சொல்லியிருப்பீர்கள் என்று பொருள் மாறிவிடும். பையரிடம் இந்த ‘குட் ஹேவ்’ குறை சொல்வதாகவே விழும், யோசித்துப் போடுங்கள். ‘கேன் ஹேவ் கிவன்’ உடன்பாட்டில் எழுதுவதில்லை. எதிர்மறையில் ‘கான்ட் ஹேவ் கிவன்’, தந்திருக்க முடியாது. ‘மஸ்ட் ஹேவ்’ ஊகத்துக்கு வழக்கமான எதிர்மறையும் அதுவே.

‘நாட்’ எப்போதும் முதல் சொல்லின் பின்னால்: ‘ஷுட் நாட் ஹேவ் கிவன்’. கேள்வியில் முதல் சொல் மட்டும் முன்னால் நகரும், மற்றவை அசையாது: ‘ஷுட் வி ஹேவ் கிவன் த சாம்பிள்?’ ‘ஹேவ் டு’, ‘நீட் டு’ சாதாரண வினைகள், அவற்றுக்கு ‘டூ’ வேண்டும்: ‘டூ வி ஹேவ் டு கிவ்?’

‘மஸ்ட் நாட்’ என்பது கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்பது வேண்டியதில்லை. கூடுதல் சாம்பிள் அனுப்ப வேண்டியதில்லை என்று டையிங் யூனிட்டுக்கோ பிரிண்டிங் யூனிட்டுக்கோ சொல்லும்போது ‘மஸ்ட் நாட்’ எழுதினால் அது தடையாகிவிடும்.

பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ சுருங்கி ‘ஷுடவ்’ என்று கேட்கும். அதைக் காதால் கேட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதும் பழக்கம் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடமும் உண்டு. இணையத்தில் பார்த்தால் பின்பற்ற வேண்டாம்.

‘குட்’ பற்றி ஒன்று. ‘நேற்று ராத்திரியே லோடு ஏற்ற முடிந்தது’ என்று ஒரு தடவை நடந்து முடிந்ததைச் சொல்ல ‘வி குட் லோட்’ பொருந்தாது. ‘வி வேர் ஏபிள் டு லோட்’ அல்லது ‘வி மேனேஜ்டு டு லோட்’ என்று எழுதுங்கள். முடியவில்லை என்றால் ‘வி குடின்ட் லோட்’ தாராளமாகப் பொருந்தும்.