எட்டும் ஓடுகின்றன, வேலை ஏன் பின்தங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தன்னார்வலர்களின் கணினிகளை அறிவியல் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் பாயிங்க் (BOINC) மென்பொருளை என் மேசைக் கணினியில் நிறுவி, ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற வானியல் திட்டத்துக்குக் கணக்கிட்டுத் தருகிறேன். செயலியில் நான்கு கோர்களும் எட்டு இழைகளும் உள்ளன. எட்டு வேலைகளை ஒன்றாக ஓடவிட்டால் ஒவ்வொன்றும் முடிய ஆறு மணி நேரம் ஆகிறது. நான்கை மட்டும் ஓடவிட்டால் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. செயலி 100 விழுக்காடு உழைத்தும் ஏன் இந்தப் பின்னடைவு? மென்பொருளில் குறையா?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோத்தகிரி

பதில்: மென்பொருளில் குறை இல்லை. ஆனால், ஒரு வேலை முடியும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நாளில் எத்தனை வேலைகள் முடிகின்றன என்று பாருங்கள். எட்டாக ஓடினால் நாளொன்றுக்கு 32, நான்காக ஓடினால் 38. ஆகவே உங்கள் கணினியில் நான்கே மேல். இதுவே நான்கு வேலைகளுக்கு நான்கு மணி நேரம் ஆகியிருந்தால் 24 தான் தேறியிருக்கும்; அப்போது எட்டு ஓட்டுவதே சரி என்று எழுதியிருப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். எட்டு இழைகள் என்பவை எட்டுக் கோர்கள் அல்ல. ஒரே கோர், ஒரு வேலை நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையைக் கவனித்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. கூட்டவும் பெருக்கவும் உள்ள உறுப்புகள் ஒரு கோருக்கு ஒரு தொகுதிதான். இரண்டு இழைகளும் ஒரே வகையான தசமக் கணக்கையே செய்யும்போது, அந்த உறுப்புகளுக்கும், செயலிக்குள் இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்துக்கும் இரண்டும் போட்டி போடுகின்றன. ஐன்ஸ்டீன் அட் ஹோம் போன்ற திட்டங்கள் நீண்ட தரவுத்தொடர்களில் ஃபூரியர் உருமாற்றத்தை (ஒழுங்காகத் திரும்ப வரும் துடிப்புகளைப் பிரித்தறியும் கணக்கை) திரும்பத் திரும்பச் செய்து, துடிவிண்மீன்களை, அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் விண்மீன்களை (பல்சர்), தேடுபவை. 2010இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் தரவிலிருந்து இப்படி ஒன்று தன்னார்வலர்களின் கணினிகளிலேயே கண்டறியப்பட்டது. இத்தகைய கணக்கில் தரவு கேஷுக்குள் அடங்காவிட்டால் முதன்மை நினைவகத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். உங்கள் ஊர்த் தோட்டங்களில் மாலையில் பார்த்திருப்பீர்கள்: கொழுந்து பறிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் எடை போடும் தராசு ஒன்றே என்றால், மூட்டையோடு வரிசைதான் நீளும். செயலியின் கதையும் அதுதான். இதில் ஒரு வேடிக்கை, நினைவகத்துக்காகக் காத்து நிற்கும் நேரத்தையும் இயங்குதளம் உழைத்த நேரமாகவே எழுதிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த 100 விழுக்காட்டில் வரிசையில் நின்ற நேரமும் அடக்கம்.

பாயிங்கின் அமைப்புகளில் ‘செயலிகளில் எத்தனை விழுக்காடு’ என்ற இடத்தில் 50 என்று இடுங்கள். அதற்கு அடுத்துள்ள ‘செயலி நேரத்தில் எத்தனை விழுக்காடு’ என்பதைத் தொட வேண்டாம். அது வேலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுமே தவிர, நினைவக நெரிசலைத் தீர்க்காது. வேறு திட்டத்துக்கு மாறினால் இந்தச் சோதனையை மீண்டும் செய்துபார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பென்டியம் 4 கணினியும் என் புதிய மடிக்கணினியும் ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸ்தான். ஒரு கோரை மட்டும் ஒப்பிட்டாலும் புதியது பல மடங்கு முந்துகிறதே, எப்படி?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை மட்டுமே சொல்லும், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைச் சொல்லாது. பென்டியம் 4உடன் வந்த எஸ்எஸ்இ2 (SSE2) கட்டளைகள் இரண்டு இரட்டைத்துல்லிய எண்களை (கூடுதல் இலக்கங்களோடு வைக்கப்படும் தசம எண்களை) ஒருசேரக் கையாளும். 2011இல் சந்தைக்கு வந்த ஏவிஎக்ஸ் (AVX) கட்டளைகள் நான்கையும், பின்னர் வந்த ஏவிஎக்ஸ்-512 எட்டையும் கையாளும். விரலால் கிள்ளுவதற்கும் கத்தரியால் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால் நிரல் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தும்படி தொகுக்கப்பட்டிருந்தால்தான் பலன் கிடைக்கும். இல்லையேல் கத்தரி சுவரில் தொங்கும். 1999 முதல் 2020 வரை வேலை வழங்கிய, வேற்றுலகச் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் (SETI@home) திட்டத்தில், திறந்த மூலநிரலை எடுத்துத் தன்னார்வலர்களே ஒவ்வொரு செயலி வகைக்கும் ஏற்ற பதிப்புகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறலாம். பல திட்டங்கள் ஒரே வேலையை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்கின்றன. வேகத்துக்காகத் துல்லியத்தைத் தளர்த்திய பதிப்பு, விரைவாகத் தவறான விடையைத் தந்து நிராகரிக்கப்படும். மின்சாரம் வீணானதுதான் மிச்சம். கணினியின் வேகம் என்று பாயிங்க் காட்டும் வெட்ஸ்டோன் அளவீட்டையும் நம்பிவிட வேண்டாம். 1970களில் உருவான அச்சிறு சோதனை நிரல், அகன்ற கட்டளைகளையோ நினைவகத்தையோ உண்மையான வேலையைப் போலச் சோதிப்பதில்லை.

கேள்வி: இங்கே குளிர் அதிகம் என்பதால் விசிறியைப் பற்றிக் கவலைப்படாமல் இரவு முழுவதும் பாயிங்கை ஓட்டலாமா? அடிக்கடி மின்சாரம் போவதால் கணக்கு வீணாகிறதா?
– கடை உரிமையாளர், கொடைக்கானல்

பதில்: குளிர் உதவும், உயரம் சற்றுக் கெடுக்கும். கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சிறிது குறைவு என்பதால், அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த வெப்பத்தையே வாரிச் செல்லும். மொத்தத்தில் மதுரையைவிட உங்கள் நிலை நல்லதுதான். என் கணினியை ஒரு மழைக்காலத்துக்குப் பின் திறந்தபோது, மூடுபனியின் ஈரத்தில் தூசி ஊறி, வெப்பத்தகட்டின் இடுக்குகளில் கம்பளித் துண்டைப் போல அப்பியிருந்தது. குளிரை நம்பித் துடைக்காமல் விட்டது என் தவறு. செயலி சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது.

டர்போ வேகத்தை (செயலி தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் ஏற்பாட்டை) அணைத்துவிடுங்கள். செயலியின் மின்செலவு, துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவதால், வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் மின்கட்டணத்தில் அதைவிட அதிகம் மிஞ்சும்.

மின்தடையால் முழுக் கணக்கும் வீணாவதில்லை. பெரும்பாலான நிரல்கள் இடையிடையே தம் நிலையை வட்டில் எழுதிவைக்கின்றன. அதிகபட்சம் 60 நொடிக்கு ஒருமுறை எழுதலாம் என்பதே பாயிங்கின் இயல்பான அமைப்பு. அந்த எண்ணை நீங்களாக உயர்த்தியிருந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.